பனகல் சாலையில் வாங்கிய ஆக்ஸிமீட்டர், மூன்று மாதம் கழித்து

விரலில் மாட்டினால் ரத்தத்தின் ஆக்ஸிஜனையும் நாடித்துடிப்பையும் காட்டும் கருவி இது. கொரோனா சமயத்தில் வாங்கியது உயிரை விட்டதால், மதுரை பெரியாஸ்பத்திரி பக்கம் பனகல் சாலையில் ஒரு சர்ஜிக்கல் கடையில் 750 ரூபாய்க்குப் புதிதாக ஒன்று எடுத்தேன். பேட்டரிக்குத் தனிக் காசு, பில் கேட்டதும் கடைக்காரர் முகமே மாறிவிட்டது.

அம்மாவுக்காகத்தான் வாங்கினேன். ராத்திரி படுத்தால் நெஞ்சு படபடவென்று அடிக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். முதல் நாள் விரலில் மாட்டிப் பார்த்துவிட்டு, "ஆக்ஸிஜன் 118 இருக்குடா, எனக்கு ஒண்ணும் இல்ல" என்றார். இதன் பெரிய குறையே அதுதான், இரண்டு எண்ணும் ஒரே நிறம், ஒரே அளவு. ஆக்ஸிஜன் சதவீதக் கணக்கு, 100-ஐத் தாண்டாது. அம்மாவுக்கு அது 97, துடிப்புதான் 118. சும்மா உட்கார்ந்திருக்கும்போது துடிப்பு நிமிடத்துக்கு 60-க்கும் 100-க்கும் நடுவில் இருக்க வேண்டும்.

மருதாணி வைத்த விரலில் சரியாக எடுக்கவில்லை, கை சில்லிட்டிருந்தாலும் தடுமாறுகிறது. மாட்டியதும் வருகிற எண்ணை நம்பாதீர்கள், அரை நிமிடம் விடுங்கள்.

ஒரு வாரம் காலையும் இரவும் நோட்டில் குறித்தேன். இன்ஹேலர் இழுத்தபின் 120 பக்கம் போனது, மற்ற நேரத்திலும் 105-க்குக் கீழே இறங்கவில்லை. நோட்டைப் பார்த்த டாக்டர், சாப்பிடுகிற மருந்தை எல்லாம் மேஜையில் கொட்டச் சொன்னார். மஞ்சப்பையிலிருந்து விழுந்தவை: வீசிங்குக்கு சால்புடமால் இன்ஹேலர், தைராய்டுக்கு தைராக்ஸின் 100 மைக்ரோகிராம், அப்புறம் மூக்கடைப்புக்கு மெடிக்கலில் அம்மாவே கேட்டு வாங்கிய, ஃபினைலெஃப்ரின் கலந்த சளி மாத்திரை. இன்ஹேலர் துடிப்பை ஏற்றும், தைராக்ஸின் அளவு கூடினாலும் ஏறும், அந்தச் சளி மாத்திரையும் சிலருக்குப் படபடப்பைக் கொடுக்குமாம். ரத்தசோகை, காய்ச்சல், சித்திரை வெயிலில் தண்ணீர் குடிக்காமல் காய்ந்து கிடப்பது என்று இன்னும் பல காரணம் இருக்கலாம் என்று ரத்தப் பரிசோதனையும் ஈசிஜியும் எழுதினார். துடிப்பு தாளம் தப்பி அடித்தால் இந்த விரல் கருவிக்குப் புரியாது, ஈசிஜியில்தான் தெரியும்.

ஈசிஜியில் வேகம் தவிர வேறொன்றும் இல்லை, ஹீமோகுளோபினும் சரி, தைராய்டு பரிசோதனையான டிஎஸ்எச் மட்டும் ரொம்பக் கீழே, அதாவது தைராக்ஸின் அளவு கூடிவிட்டது. தைராக்ஸினை டாக்டர் 75 ஆக்கினார், சளி மாத்திரை குப்பைக்குப் போனது. இன்ஹேலரை மட்டும் நிறுத்தக் கூடாது என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினார். ஆறு வாரம் கழித்து துடிப்பு 84.

நெஞ்சுவலி, மயக்கம், மூச்சுத்திணறல் என்றால் இதை மாட்டிக்கொண்டு உட்காராமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மற்றபடி ஐந்துக்கு மூன்றரை தரலாம். துடிப்பு எண்ணுக்குப் பக்கத்தில் தங்கச்சியின் நெயில் பாலிஷில் சிவப்பாக ஒரு புள்ளி வைத்துவிட்டேன், இப்போது அம்மா சரியாகப் படிக்கிறார்.