பூந்திக்கொட்டை, எலுமிச்சை உப்பு, தோல் என்சைம்: எங்கே காசு மிச்சம், எங்கே வீண்

கடைத் திரவங்களை மொத்தமாக நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்கிறேன் என்று இறங்கினால் மூன்றாம் மாதம் சலித்துவிடும். நீண்ட நாள் புழக்கத்தில் நின்று பிடிப்பவை மூன்றுதான்: பூந்திக்கொட்டை நீர், பழத்தோல் என்சைம் (பழத்தோலை வெல்லத்தோடு நொதிக்கவைத்த நீர்), எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலத் தூள்).

பூந்திக்கொட்டையை விதை நீக்கிய தோலாகவே வாங்குங்கள். நுரை தரும் சப்போனின் தோலில்தான் இருக்கிறது. விதையோடு வாங்கினால் எடைக்குக் கொடுத்த காசில் நல்ல பங்கு குப்பைக்குப் போகும். 100 கிராம் தோலை ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் சிறுதீயில் 20 நிமிடம் கொதிக்க விடவும். பாத்திரம் மூன்று லிட்டராவது பிடிக்கட்டும், இல்லையென்றால் பொங்கி அடுப்பெல்லாம் நுரையாகும். குக்கரில் வைக்கவே வேண்டாம், நுரை வெயிட் குழாயை அடைக்கும். ஆறியதும் கசக்கிப் பிழிந்து துணியில் வடிகட்டவும். சக்கையில் அரை லிட்டர் ஊற்றி இன்னொரு கொதி விட்டால் தரை துடைக்க ஆகும்.

கெட்டுப்போவதுதான் இதில் பெரிய தொல்லை. வெளியே வைத்தால் மூன்றாம் நாளே புளித்த வாடை வரும். ஃபிரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும். லிட்டருக்கு 10 கிராம் எலுமிச்சை உப்பு கலந்தால் இன்னும் சில நாள் கூடும். ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்து, வேண்டும்போது இரண்டு கட்டி எடுத்துக்கொள்வது இன்னும் நல்லது. நுரை குறைவாக இருக்கிறதே என்று மேலும் மேலும் ஊற்றுவதில்தான் மிச்சப்பட்டதெல்லாம் கரைந்துபோகும். உப்புத் தண்ணீர் வரும் போர்வெல் வீடுகளுக்கு ஒரு நன்மை உண்டு: அந்தத் தண்ணீரில் சோப்பு திரிந்து பிசுக்காகப் படியும், சப்போனின் அப்படித் திரியாது. பட்டுப்புடவைக்கும் நகைக்கும் இதை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் வெள்ளைச் சட்டைகள் நாளடைவில் மங்கும். கறிக்குழம்புச் சட்டியை முதலில் கடலை மாவால் துடைத்தெடுக்காமல் இதில் தேய்த்தால் எண்ணெய் போகாது. கழுவிய நீரை மீன் இருக்கும் தொட்டியிலோ குளத்திலோ கொட்டாதீர்கள், மீன்கள் செத்துவிடும்.

தோல் என்சைமுக்கு அளவு 1:3:10. 100 கிராம் வெல்லம், 300 கிராம் எலுமிச்சை அல்லது சாத்துக்குடித் தோல், ஒரு லிட்டர் தண்ணீர். தோலை ஜூஸ் கடையில் கேட்டால் சும்மாவே தருவார்கள். பிளாஸ்டிக் பாட்டிலில் ஐந்தில் ஒரு பங்கு காலியாக விட்டு மூடி, முதல் மாதம் தினமும் ஒருமுறை மூடியைத் திறந்து வாயுவை விடவும். கண்ணாடிப் பாட்டில் வெடிக்கும். 90 நாள் கழித்து வடிகட்டவும். மேலே வெள்ளை ஆடை படிந்தால் பயமில்லை. கறுப்புப் பூஞ்சை வந்தால் கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பிப்பதே மேல்.

பெயரில்தான் என்சைம், வேலையில் பெரும்பங்கு அமிலத்துடையது. அதனால்தான் தரை பார்த்து ஊற்ற வேண்டும். மார்பிள், மொசைக், கடப்பா கல், ஆத்தங்குடி ஓடு, எல்லாமே சுண்ணாம்போ சிமென்டோ சேர்ந்தவை. சில மாதங்களில் பளபளப்பு செத்துவிடும். அவற்றுக்குப் பூந்திக்கொட்டை இரண்டாம் நீர் போதும். பீங்கான் டைல்ஸ் என்றால் ஐந்து லிட்டர் வாளிக்கு 50 மில்லி. வெல்லம் கிலோ 80 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு பாட்டிலுக்கு 8 ரூபாய். அதில் 20 வாளி வரும், வாளிக்கு 40 காசு.

உப்புக்கறைக்கு எலுமிச்சை உப்பு போதும், தனியாக விலை உயர்ந்த திரவம் எதற்கு? வெதுவெதுப்பான ஒரு லிட்டர் நீரில் 50 கிராம் கரைத்து, துணியை நனைத்துக் குழாயில் சுற்றி அரை மணி நேரம் விடவும். கறை நுரைத்துக் கரையும். இரவு முழுக்க விட்டால் குரோம் பூச்சு கெடும். அலுமினியத்தில் படவே கூடாது.

அடுத்து, வினிகரும் சமையல் சோடாவும் கலந்த கலவை. பொங்குவது பார்க்க அழகுதான், ஆனால் அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டு, மிஞ்சுவது பெரும்பாலும் உப்புத் தண்ணீர். எண்ணெய்ப் பிசுக்கு அடைத்த சிங்குக்குச் சலவை சோடா அரைக் கப்பை இரண்டு லிட்டர் சூடான நீரில் கரைத்து ஊற்றுங்கள். பிவிசி குழாய் என்றால் கொதிநீர் வேண்டாம், கை பொறுக்கும் சூடு போதும். சிம்னி வலை அலுமினியமாக இருந்தால் சலவை சோடா அதைக் கறுக்கவைக்கும்.

இவற்றில் எதுவும் கிருமிநாசினி அல்ல. வீட்டில் யாருக்காவது வாந்தி, பேதி என்றால் பிளீச்சிங் பவுடர்தான் வேண்டும். அப்போது மட்டும் என்சைமோ எலுமிச்சை உப்போ போட்ட இடத்தை நன்றாகத் தண்ணீர் விட்டு அலசிய பிறகே அதைப் போடுங்கள்; அமிலத்தோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், கதவு மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.