வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்தார்கள், 6,498 ரூபாய் போச்சு

ஆத்திரத்தில் எழுதுகிறேன், கோர்வையாக இருக்காது.

முந்தாநாள் காலை ஆனையூரில் எங்கள் வீட்டுக்கு, அப்பாவுக்கு ரத்தம் எடுக்க ஒரு பையன் வந்தான். ஆப்பில் புக் செய்தால் வீடு தேடி வருகிற கம்பெனி. 82 டெஸ்ட், 1,499 ரூபாய். நரம்பு சிக்கவில்லை என்று மூன்று இடத்தில் குத்தினான். சிரிஞ்சில் இழுத்ததை டியூப் மூடி வழியாக அழுத்திப் பீச்சினான். அதை பைக் பையில் போட்டுக்கொண்டு, "இன்னும் நாலு வீடு இருக்குண்ணே" என்று கிளம்பிவிட்டான்.

சாயங்காலம் ரிப்போர்ட்டைத் திறக்கும் முன்பே போன். ஒரு பெண், நம்ம ஊர்க் குரல். "அண்ணே, அப்பாவுக்குப் பொட்டாசியம் 6.8. அஞ்சுக்குள்ள இருக்கணும். கிட்னி போயிட்டிருக்கு. எங்கப்பாவா நெனச்சுச் சொல்றேன், வாழைப்பழம், இளநி எல்லாம் நிறுத்துங்க." அந்த 'எங்கப்பாவா நெனச்சு'வில் விழுந்தேன். மூன்று மாத கிட்னி பேக்கேஜ் 4,999. ஜிபேயில் உடனே அனுப்பினேன். ஆக 6,498 ரூபாய்.

ராத்திரி மனசு கேட்காமல் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். ஈசிஜி நார்மல். புதிதாக எடுத்த ரத்தத்தில் பொட்டாசியம் 4.3. டியூட்டி டாக்டர் பழைய ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்த ஒரு வரியைக் காட்டினார்: 'சாம்பிள் ஹீமோலைஸ்டு'. எடுக்கும்போது ரத்த அணு உடைந்தால் உள்ளே இருக்கிற பொட்டாசியம் வெளியே கொட்டி, எண் பொய்யாக ஏறுமாம். அதே ரிப்போர்ட்டில், கிட்னி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று காட்டுகிற கிரியாட்டினின் 0.9, நார்மல் என்று பச்சை நிறத்தில். கிட்னி போகிறதாம்!

ஆறாதது இதுதான். 6.8 நிஜமாக இருந்தால் இதயத் துடிப்பே தடுமாறலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அந்தப் பெண் ஓடச் சொல்லவில்லை, பணம் கட்டச் சொன்னாள்.

கஸ்டமர் கேரில் முதல் ஆள், "48 மணி நேரம் பொறுங்க." அடுத்தவர், "பேக்கேஜ் ஆக்டிவேட் ஆயிடுச்சு சார்." மூன்றாமவர், "லேப் வேற, நாங்க வேற சார்." அப்போ என் 6,498-ஐ வாங்கினது யார்?

சரி, உங்களுக்கு: போனில் வருகிற ஆலோசனைக்குக் காசு கட்டாதீர்கள். அடிக்குறிப்பைப் படியுங்கள். ஓர் எண் மட்டும் எகிறினால் டாக்டரிடம் காட்டி மறுபடி எடுங்கள். பொட்டாசியம் என்றால் நாளைக்கு என்று தள்ளாதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன்.

அப்பாவுக்கு வாங்கி வைத்த சிறுமலை வாழைப்பழம் தோல் கறுத்துக் கிடக்கிறது. 4.3 என்று காட்டினாலும், "எதுக்குப்பா வம்பு" என்கிறார்.