அடுக்குப் பூவை நம்பி ஏமாந்த கதை

சென்ற புரட்டாசியில், காரைக்குடிக்கு வெளியே உள்ள ஒரு நர்சரியில் இரண்டு பாலைவன ரோஜாச் செடிகள் வாங்கினேன். முன்வரிசையில் இருந்த அடுக்குப் பூ ஒட்டுச்செடி 450 ரூபாய். பின்னால் தகரக் கொட்டகை ஓரத்தில் தூசி படிந்து கிடந்த ஒற்றைப் பூ விதைக்கன்று 150 ரூபாய். எது ஒட்டு, எது விதை என்று கடைக்காரர் மறைக்காமல் சொன்னார். அதற்கு ஒரு நட்சத்திரம்.

"அபூர்வச் செடி, ஆச்சி" என்றார். அதை மட்டும் ஏற்க முடியவில்லை. அடீனியம் ஒபிசம் என்பதுதான் பாலைவன ரோஜாவின் தாவரவியல் பெயர், இப்போது ஊரெல்லாம் கிடைக்கிறது. அபூர்வம் என்றால் சொகோத்ரா தீவில் மட்டும் வளரும் அதன் உறவுச் செடியைச் சொல்லலாம். இது ரோஜாவும் அல்ல, நம் அரளியின் குடும்பம். ஏமனில் இதைச் சேகரித்த தாவரவியலாளர் ஃபோர்ஸ்கோல், இதை அரளி என்றே கருதி, 'பருத்த அரளி' என்ற பொருளில் நேரியம் ஒபிசம் என்று எழுதிவைத்தார். அவர் இறந்த பிறகு, 1775இல்தான் அந்தப் பெயர் அச்சேறியது. கிளையை ஒடித்தால் வடிகிற பால் நஞ்சு. ஆப்பிரிக்காவில் அம்பு முனையில் தடவியிருக்கிறார்கள். பேரப்பிள்ளைகள் ஓடியாடும் வீட்டுக்கு விற்கும்போது இதையல்லவா முதலில் சொல்ல வேண்டும்!

"தினமும் தண்ணீர் ஊற்றுங்கள்" என்றுதான் சொன்னார். பருத்த அடித்தண்டில் தானே நீரைச் சேர்த்துவைக்கும் செடிக்கு இப்படி ஒரு யோசனை. தேங்காய் நார்க்கழிவு நிரம்பிய தொட்டியில் இருந்த ஒட்டுச்செடி ஐப்பசி மழையில் அழுகி, தொட்டால் கூழாக வந்தது. திரும்பப் போய்க் கேட்டேன். மழைமேல் பழியைப் போட்டுவிட்டார்.

விதைக்கன்றை நம் செம்மண்ணில் சரளையும் உடைந்த நாட்டு ஓட்டுச் சில்லும் கலந்து மாற்றி நட்டு, மொட்டைமாடியில் வைத்தேன். மார்கழியில் இலையெல்லாம் உதிர்ந்தது, தண்ணீரை நிறுத்தினேன். பங்குனி வெயிலில் மொட்டை மரத்தில் பூத்தது: ஐந்து இதழ், ஓரத்தில் சிவப்பு, நடுவில் வெளிறிய குழல், அதற்குள் நூல்போல ஐந்து வால்கள். மகரந்தம் அடியில் கூம்புக்குள் ஒளிந்திருக்கிறது. பக்கத்து வீட்டுச் செடியிலிருந்து மெல்லிய தூரிகையால் எடுத்து வந்து தொட்டுவைத்தேன். நாலைந்து பூ வீணானது.

இப்போது ஒரு காய் இரட்டைக் கொம்பாக நிற்கிறது. விதையின் இரு முனையிலும் பஞ்சுக் குஞ்சம் இருக்கும், வெடித்தால் காற்றோடு போய்விடும். அதனால் நூல் சுற்றிக் கட்டியிருக்கிறேன்.

கடைக்கு ஐந்துக்கு இரண்டரை. போனால் நேராகக் கொட்டகை ஓரத்துக்குப் போங்கள்.