டேஞ்சரீன் ட்ரீமோட எலக்ட்ரானிக் மெடிடேஷன் (1970): மேளம் கேட்டு வளர்ந்த காதுக்கு ஏத்த ஆல்பம்

டேஞ்சரீன் ட்ரீம்ங்கற ஜெர்மன் குழுன்னதும் சிந்தசைசர்தான் (எலக்ட்ரானிக்கா சத்தம் உண்டாக்கற கருவி) எல்லாருக்கும் ஞாபகம் வரும், 1974ல வந்த அவங்களோட ஃபேட்ரா ஆல்பத்த கேட்டவங்க அதே நெனப்புல இதுக்குள்ள வந்தா ரெண்டு நிமிஷத்துல எந்திரிச்சு போயிருவாங்க, அதனால மொதல்லயே சொல்லிடறேங்க, இதுல சிந்தசைசர் ஒண்ணு கூட கிடையாது. கிடார், ஆர்கன், பியானோ, செல்லோ, வயலின், புல்லாங்குழல், ட்ரம்ஸ். பேஸ் கிடார் வாசிக்க கூட ஆள் இல்ல.

1969 அக்டோபர்ல பெர்லின்ல ஒரு பழைய ஃபேக்டரி எடத்த வாடகைக்கு எடுத்து, ரெண்டே ட்ராக் இருக்கற டேப் ரெக்கார்டர்ல புடிச்சது இது, ஓர்னு ஒரு ஜெர்மன் லேபிள் 1970ல எல்பியா போட்டாங்க. மூணு பேர் தான் மெயின். எட்கர் ஃப்ரோசே கிடாரும் ஆர்கனும், கான்ராட் ஷ்னிட்ஸ்லர் செல்லோவும் வயலினும், கிளவுஸ் ஷுல்ட்சே ட்ரம்ஸ். ஆர்கனுக்கு ஜிம்மி ஜாக்சனும் புல்லாங்குழலுக்கு தாமஸ் கைசர்லிங்கும் வந்து வாசிச்சிருக்காங்க, அப்போ வந்த கவர்ல அவங்க பேர போடல. அது நியாயமே இல்ல, ஏன்னா அந்தப் புல்லாங்குழல் இல்லாட்டி பல எடத்துல மூச்சு விடவே வழி இருக்காது.

நான் இருக்கறது கொழிஞ்சாம்பாறை பக்கம், பாலக்காடு ஜில்லா தான் ஆனா வீட்லயும் கடைத்தெருவுலயும் தமிழ்தான். சின்ன வயசுலருந்து நெம்மாறை வல்லங்கி வேலங்கற கோயில் திருவிழாவுக்கு போயி மேளம் கேட்டு வளந்த காது இது. அதனாலதான் இந்த ஆல்பம் எனக்கு புடிச்சுதுன்னு இப்போ உறுதியா சொல்வேன். கேரளா கோயில்கள்ல வாசிக்கற பஞ்சாரி மேளம் நின்னு கேட்டவங்களுக்கு தெரியும், அதுல காலம்னா வேகத்தோட ஒரு கட்டம், மொதல் காலத்துல ஒரு சுத்துக்கு 96 அட்சரம் (தாள எண்ணிக்கை), அப்புறம் 48, 24, 12, கடைசில 6, பாட்டுன்னு ஒண்ணும் கெடையாது, ஆரம்பத்துல நடக்கறதே தெரியாம நடக்கும், வீக்கன் செண்டைங்கற கொட்டு ஒரே அடிய புடிச்சுக்கிட்டு நிக்க உருட்டு செண்டை அதுக்கு மேல வெளையாடும், இலத்தாளம்ங்கற ஜால்ரா ஏற ஏற கூட்டத்துல எல்லா கையும் மேல போயிரும். ராகம் எங்க, சரணம் எங்கன்னு அங்க யாரும் கேக்கறதில்ல. இந்த ஆல்பத்தயும் அப்படி நின்னு கேளுங்க, கிடார விட்டுட்டு ட்ரம்ஸ் பின்னாடி போங்க.

'ஜர்னி த்ரூ எ பர்னிங் பிரெய்ன்' பன்னெண்டரை நிமிஷம். ஆரம்பத்துல கிடார் கம்பிய சும்மா தடவற மாதிரி சத்தம், ஆர்கன், குழல், எல்லாம் ஆளாளுக்கு ஒரு மூலைல உக்காந்துருக்கற மாதிரி இருக்கும். பாதி தாண்டி ஷுல்ட்சே உள்ள வர்றாரு பாருங்க, ஒரே அடிய திருப்பி திருப்பி போட்டு கொஞ்சங்கொஞ்சமா நெருக்கிட்டே போறாரு, அவருக்கு பின்னாடி மத்தவங்க எல்லாம் தானா ஒண்ணு சேந்துர்றாங்க. எங்க தெருல செண்டை கத்துக்கற தம்பி ஒருத்தன் இருக்கான், அவனுக்கு ஹெட்ஃபோன குடுத்து ஒண்ணுமே சொல்லாம கேக்க வச்சேன், அந்த எடம் வந்ததும் கண்ண மூடிக்கிட்டே "அண்ணா, காலம் ஏத்துறாருண்ணா"ன்னான். எனக்கு அவ்ளோ சந்தோஷம்.

'கோல்ட் ஸ்மோக்' தான் என்னோட ஃபேவரிட். ஆர்கன் அமைதியா கோயில் உள்ள மாதிரி போயிட்டு இருக்கும், திடீர்னு ட்ரம்ஸ் வந்து விழும், மறுபடி அமைதி, மறுபடி விழும், எப்போ வரும்னு கணக்கு போடவே முடியாது. அந்த அமைதிய வாசிக்கறதுக்கும் தைரியம் வேணும்ங்க.

மொதல் ட்ராக் 'ஜெனசிஸ்' செல்லோவ உரசி உரசி ஆரம்பிக்கும், கொஞ்சம் இழுவைதான், பொறுத்துக்கோங்க. 'ஆஷஸ் டு ஆஷஸ்' நாலு நிமிஷம், இருக்கறதுலயே ராக் பாட்டு மாதிரி இருக்கறது இது ஒண்ணுதான், யாருக்காவது சாம்பிள் போட்டு காட்டணும்னா இத போடுங்க. கடைசி ட்ராக் 'ரெசரக்‌ஷன்' எனக்கு திருப்தி இல்ல. சர்ச் ஆர்கன் நல்லா இருக்கு, அது மேல ஃப்ரோசே குரல் தலகீழா ஓடுது, முடிவுல ஜெனசிஸ் பக்கம் திரும்பி போகுது, ஆனா மூணு சொச்சம் நிமிஷத்துல முடிச்சது அவசரமா தெரியுது, அந்த ஆர்கன் இன்னும் அஞ்சு நிமிஷம் ஓடிருக்கலாம்.

சவுண்ட் பத்தி சொல்லணும்னா ரெண்டு ட்ராக் டேப்புங்கறதால எதையும் அப்புறமா பிரிச்சு எடுத்து சரி பண்ண முடியாது, செல்லோவும் கிடாரும் பல எடத்துல ஒண்ணோட ஒண்ணு சிக்கிக்கிட்டு எது எதுன்னே தெரியாது. எனக்கு அது குறையா படல, ஒரே ரூம்ல ஒரே நேரத்துல வாசிச்ச சூடு அப்படியே டேப்ல இருக்கு. ஆனா ஃபோன் ஸ்பீக்கர்ல மட்டும் போடாதீங்க, ட்ரம்ஸ் எல்லாம் தகரம் தட்டற சத்தமா வந்துரும், இந்த ஆல்பத்துல ட்ரம்ஸ் போச்சுன்னா எல்லாம் போச்சு. பெரிய ஹெட்ஃபோன் போட்டு ராத்திரி ஒரே மூச்சுல கேளுங்க, மொத்தமே 37 நிமிஷத்துக்குள்ளதான், நடுவுல நிறுத்தி மெசேஜ் பாத்தீங்கன்னா திரும்ப மொதல்லருந்து ஆரம்பிக்கணும்.

இந்த மூணு பேரும் சேந்து போட்ட ஒரே ஆல்பம் இதுதாங்கறது வருத்தமான விஷயம். ஷ்னிட்ஸ்லர் ட்யூசல்டார்ஃப்ல யோசஃப் பாய்ஸ்ங்கற கலைஞர்கிட்ட சிற்பம் படிச்சவரு, அடுத்து க்ளஸ்டர்னு ஒரு குழு ஆரம்பிச்சு சத்தத்துக்குள்ள இன்னும் ஆழமா போயிட்டாரு. ஷுல்ட்சே பின்னாடி ட்ரம்ஸ விட்டுட்டு கீபோர்டு பக்கம் போயி பெரிய ஆளாயிட்டாரு, எனக்கு என்னமோ அவரு ட்ரம்ஸ விட்டுருக்க கூடாதுன்னுதான் இன்னமும் தோணுது.

இது புடிச்சிருந்தா அடுத்து 1971ல வந்த ஆஷ் ரா டெம்பல்ங்கற குழுவோட மொதல் ஆல்பத்துக்கு போங்க, அதே ஓர் லேபிள், அதே ஷுல்ட்சே ட்ரம்ஸ், கிடார் மானுவல் கோட்ஷிங், ரெக்கார்டிங் கோனி ப்ளாங்க். அதுல மொதல் பக்கம் முழுக்க 'அம்போஸ்'னு ஒரே பாட்டு, இருபது நிமிஷம் பக்கம், இங்க சிக்கிக் கெடந்த ட்ரம்ஸ் அங்க தெளிவா, அடிக்கு அடி கேக்கும்.