பாலம் வேலைக்கு 150 நியூட்டன் தானியங்கி லைஃப் ஜாக்கெட்: வாங்கலாமா?

ஃபோம் அடைத்த ஆரஞ்சு ஜாக்கெட்டை வெயிலில் நாள் முழுக்கப் போட்டுக்கொண்டு பைலிங் வேலை (பாலத்துக்கு நிலத்தடித் தூண் இறக்குவது) செய்வது கொடுமை. காலை பத்து மணிக்கெல்லாம் அது பார்ஜின் (வேலை நடக்கும் தட்டைப் படகின்) கைப்பிடிக் கம்பியில் தொங்கும். தானாக ஊதும் 150 நியூட்டன் ஜாக்கெட் (நியூட்டன் என்பது மிதக்க வைக்கும் விசையின் அளவு) தோளில் பட்டையாகக் கிடக்கிறது. குனிந்து கம்பி கட்டத் தடையில்லை. தண்ணீரில் விழுந்ததும் 33 கிராம் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் திறந்து சில நொடிகளில் பை நிரம்பும், மயங்கியவரையும் மல்லாக்கத் திருப்பும். 50 நியூட்டன் ஜாக்கெட்டை நம்பி அப்படி விட முடியாது. அது நீச்சல் தெரிந்து, நினைவோடு இருப்பவருக்கானது. விலை குறைவென்று அதை வாங்கிக் கொடுக்காதீர்கள்.

எது வாங்கினாலும், ஊதத் தூண்டும் அமைப்பை முதலில் பாருங்கள். வில்லை வகையில், ஈரத்தில் கரையும் வில்லைதான் சிலிண்டரைத் துளைக்கும் ஸ்பிரிங் ஊசியை விடுவிக்கிறது. அடைமழையிலோ அலைச்சாரலிலோ தானாகவே ஊதிவிடும். இரண்டு முறை அப்படி ஆனால் மூன்றாம் நாள் ஜாக்கெட் ஷெட்டிலேயே இருக்கும். ஹம்மர் எம்.ஏ.1 போன்ற நீரழுத்த வகை, சுமார் 10 செ.மீ. ஆழத்து அழுத்தம் பட்டால்தான் திறக்கும்; மழைக்கு அசையாது. ஒருமுறை ஊதிய பின் போட வேண்டிய மாற்று கிட் விலை கூடுதல்தான். கடல் வேலைக்கு இதையே வாங்குங்கள்.

குறைகளும் உண்டு. வெல்டிங் பொறி பட்டால் பை ஓட்டையாகும். வெல்டர்களுக்கு ஃபோம்தான் நல்லது. மழைக்கோட்டுக்கு உள்ளே போட்டால் ஊதும்போது மார்பை நெரிக்கும். ஸ்பேனரும் போல்ட் பையுமாக இடுப்பில் கனம் கட்டியவருக்கு 150 போதாது, 275 எடுங்கள். தொடையிடைப் பட்டை இல்லாத ஜாக்கெட் தலைக்கு மேல் ஏறிவிடும்.

தினமும் வேலைக்கு முன், ஜாக்கெட் தயார் என்று காட்டும் பச்சைக் குறியும் காலாவதித் தேதியும் பார்க்க வேண்டும். வெளியே திருகும் சிலிண்டர் என்றால் கையால் இறுக்கிப் பாருங்கள்; அதிர்வில் தளர்ந்துவிடும், தளர்ந்தால் ஊசி எட்டாது. அவ்வப்போது வாயால் ஊதி ஓர் இரவு விட்டால் கசிவு தெரியும்.

ஜாக்கெட் மிதக்க வைக்கும், கரை சேர்க்காது. அமெரிக்காவின் வேலையிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதி, 90 அடிக் கயிறுள்ள மிதவை வளையங்களை 200 அடிக்கு மிகாத இடைவெளியில் வைக்கவும், மீட்புப் படகு ஒன்றாவது தயாராக நிற்கவும் சொல்கிறது. 90 அடி என்பது சுமார் 27 மீட்டர். நொடிக்கு 1 மீட்டர் ஓடும் ஆற்றில் விழுந்தவர் அரை நிமிடத்துக்குள் அதைத் தாண்டிவிடுவார். ஆகவே படகு நீரோட்டம் போகும் பக்கத்தில், ஓட்டுபவரோடு நிற்க வேண்டும்.