ஃப்ளூ ஊசியா, மாஸ்க்கா, நிலவேம்பா? எங்கள் வீட்டுக் கணக்கு

போன ஐப்பசி மழையில் எங்கள் வீட்டுக்குள் காய்ச்சல் வந்த வரிசை இதுதான்: முதலில் யு.கே.ஜி. படிக்கும் சின்னவன், இரண்டு நாள் கழித்து நான், அதற்கு மறுநாள் மாமியார். அவருக்கு வயது 71, சர்க்கரை வேறு. இருமல் அடங்கி அவர் பழையபடி மாடிப்படி ஏற மூன்று வாரம் ஆனது. இத்தனைக்கும் கஷாயம், ஆவி, சானிடைசர் என்று வீட்டில் எதற்கும் குறைவில்லை. அப்புறம்தான் எது உண்மையில் காப்பாற்றுகிறது, எது நம் மனசுக்காகச் செய்வது என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன்.

முதலில் ஊசி. "போட்டும் வந்துச்சே" என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. அந்த வருடம் சுற்றும் வைரஸோடு நன்றாகப் பொருந்தினால்கூட நோயைத் தடுப்பது 40 முதல் 60 சதவீதம் வரைதான். அதிலும் மழைக்காலத்தில் வரும் காய்ச்சல் எல்லாமே ஃப்ளூ இல்லை, மற்ற வைரஸ்களை இந்த ஊசி கண்டுகொள்ளாது. ஆனால் வயதானவர்கள், சர்க்கரை, ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோருக்கு ஃப்ளூ நிமோனியா வரை போகாமல் காப்பதில் இதற்கு ஈடாக வேறு எதையும் நான் பார்க்கவில்லை. ஆறு மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு ஊசி போட முடியாது, அம்மா கர்ப்பமாக இருக்கும்போதே போட்டுக்கொண்டால் அந்தப் பாதுகாப்பில் கொஞ்சம் குழந்தைக்கும் போகும். உடம்பில் எதிர்ப்பு உருவாக இரண்டு வாரம் ஆகும் என்பதால், பக்கத்து வீட்டில் இருமல் கேட்ட பிறகு ஓடுவது தாமதம்தான். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், செப்டம்பர் வாக்கில் போட்டுவிடுவது நல்லது. நாலு வகை ஃப்ளூ வைரஸுக்கான ஊசி இல்லை, மூன்று வகைக்கானதுதான் இருக்கிறது என்று கிளினிக்கில் சொன்னால் போடாமல் திரும்பி வர வேண்டாம். அதில் விடுபட்ட நாலாவது, பி யமகாட்டா என்ற வைரஸ் வகை, 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்குமே உறுதியாகத் தென்படவில்லை.

அடுத்து மாஸ்க். இதில் என்95 வாங்கணுமா, நீல நிற சர்ஜிக்கல் போதுமா என்பதுதான் பெரிய சண்டை. 2019இல் வெளியான ஆய்வு ஒன்றில், அமெரிக்க மருத்துவமனை ஊழியர்களிடம் ஃப்ளூ விஷயத்தில் இரண்டுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை. வீட்டுக்குச் சாதா மாஸ்க் போதும் என்பது என் முடிவு. எந்த மாஸ்க் என்பதைவிட எப்போது போட்டோம் என்பதுதான் முக்கியம். ஹாங்காங்கில் வீடு வீடாக ஆய்வு செய்து 2009இல் வெளியிட்டார்கள். நோயாளிக்கு அறிகுறி தெரிந்த 36 மணி நேரத்துக்குள் வீட்டில் எல்லோரும் மாஸ்க் போட்டு, கையும் கழுவிய குடும்பங்களில்தான் பரவல் குறைந்தது. ஃப்ளூ வந்தவர் காய்ச்சல் தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே பரப்ப ஆரம்பித்துவிடுவதால், "ரெண்டு நாள் பார்ப்போம்" என்று சொல்லி முடிப்பதற்குள் பாதி வேலை நடந்துவிடுகிறது.

எங்கள் வீட்டில் அந்த முதல் நாள் என்ன நடந்தது தெரியுமா? சின்னவன் பாட்டி மடியிலேயே கிடந்தான். ஒழுகும் மூக்கை அவர் முந்தானையால் துடைத்துவிட்டார், கொஞ்ச நேரத்தில் அதே முந்தானையால் தன் முகத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார். நான் அதைப் பார்த்துக்கொண்டேதான் சானிடைசர் பாட்டிலைத் திறந்தேன்! மாஸ்க் போட்டது மூன்றாம் நாள்.

சோப்பா சானிடைசரா என்று கேட்டால், வீட்டில் சோப்புதான், 20 விநாடி. சளி ஒட்டிய கையில் சானிடைசர் சரியாக வேலை செய்யாது, அதைப் பஸ்ஸுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நிலவேம்புக் குடிநீர், கபசுரக் குடிநீர் இரண்டும் எங்கள் வீட்டில் உண்டு. முன்னதில் 9 சரக்கு, பின்னதில் 15. குடித்தால் தொண்டைக்கு இதமாக இருக்கிறது, நானும் குடிக்கிறேன். ஆனால் ஊசிக்குப் பதில் இது என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன், ஃப்ளூ வராமல் தடுக்கும் என்பதற்கு அந்த அளவுக்கு ஆதாரம் கிடையாது. ஆவி பிடிப்பது மூக்கடைப்புக்குச் சரி, வைரஸ் அதில் சாகாது. கொதிக்கும் சட்டி பக்கத்தில் குழந்தையை உட்கார வைப்பதில்தான் எனக்குப் பயம்.

மாத்திரையில் எங்கள் பக்கம் பழக்கம், மருந்துக்கடையில் கேட்டு மூன்று நாள் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக். ஃப்ளூ என்பது வைரஸால் வருவது, பாக்டீரியாவுக்கான ஆன்டிபயாட்டிக்குக்கு அங்கே வேலையே இல்லை. எச்3என்2 என்ற ஃப்ளூ வகை பரவிய 2023 மார்ச்சில் இந்திய மருத்துவச் சங்கமே இதை வேண்டாம் என்று சொன்னது. ஒசல்டமிவிர் உண்மையான ஃப்ளூ மருந்து, ஆனால் 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் முழுப் பலன், அதையும் டாக்டர்தான் எழுதித் தர வேண்டும். ஆபத்து அதிகமுள்ள பெரியவர் வீட்டில் இருந்தால் முதல் நாளே கூட்டிப்போங்கள். நம் ஊரில் இதே மாதங்களில் டெங்குவும் சுற்றுவதால், அது இல்லை என்று தெரியும்வரை பாராசிட்டமால் மட்டும்தான். இபுப்ரோஃபென், ஆஸ்பிரின் பக்கம் போக வேண்டாம்.

ஆக, கையில் ஒரே ஒரு ஊசிக்குத்தான் காசு இருக்கிறது என்றால் அது பாட்டிக்கு. காசே இல்லையென்றால் முதல் நாள் சாயங்காலமே நோயாளிக்குத் தனிப் பாய், தனித் துண்டு, மாஸ்க், திறந்த ஜன்னல். எங்களுடையது ஒரே பாத்ரூம் உள்ள வீடு, அதனால் எல்லோரும் ஒரே துண்டில் கை துடைப்பதையாவது நிறுத்தினோம். கஷாயம் கடைசி.

இந்த வருடம் மாமியாருக்குப் போட்டாயிற்று. சின்னவனுக்கு இதுதான் முதல் தடவை என்பதால் நாலு வாரம் கழித்து இரண்டாவது டோஸ் பாக்கி இருக்கிறது. முந்தானை விஷயத்தை மெதுவாக எடுத்துப் பார்த்தேன். "பேரன் மூக்கைத் துடைக்கிறதுக்கும் ரூல்ஸாடி?" என்று கேட்டுவிட்டு, நான் கொடுத்த கைக்குட்டையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். இதுவரை அதை வெளியே எடுத்து நான் பார்க்கவில்லை.