பூட்டிக்கொண்ட விண்டோஸ் அட்மின் அக்கவுண்ட்: எந்த வழியில் போனால் எது மிஞ்சும்?

முதலில் திரையில் வரும் வரியை நிதானமாகப் படியுங்கள். 'பாஸ்வேர்டு தவறு' என்பது வேறு, 'அக்கவுண்ட் பூட்டப்பட்டுள்ளது' என்பது வேறு. விண்டோஸ் 11-இன் 22எச்2 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவிய கணினிகளில் 10 நிமிடத்துக்குள் 10 முறை தவறாக அடித்தால் அக்கவுண்ட் 10 நிமிடம் பூட்டிக்கொள்ளும். பாஸ்வேர்டு தெரிந்தவர்கள் எதையும் தொடாமல் காத்திருந்தாலே போதும். அடுத்த முறை அடிக்கும்போது பெட்டியின் ஓரத்தில் உள்ள கண் படத்தை அழுத்திப் பிடித்துப் பாருங்கள். பாதி நேரம் குற்றவாளி கேப்ஸ் லாக்தான்.

பாஸ்வேர்டே மறந்துவிட்டதென்றால், முன்பே செய்துவைத்த ரீசெட் டிஸ்க்தான் (மறந்த பாஸ்வேர்டை மாற்ற உதவும் பென்டிரைவ்) மற்ற எல்லாவற்றையும்விட மேல். அதில் சிறிய கோப்பு ஒன்றுதான் இருக்கும். இடையில் பாஸ்வேர்டை எத்தனை முறை மாற்றியிருந்தாலும் அதே டிஸ்க் வேலை செய்யும். அது இல்லாதவர்களுக்குப் பாதுகாப்புக் கேள்விகள். விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பு முதல் லோக்கல் அக்கவுண்டுக்கு (மைக்ரோசாஃப்ட் ஆன்லைன் அக்கவுண்டாக இல்லாமல், அந்தக் கணினியில் மட்டும் இருப்பது) மூன்று கேள்விகள் வைக்கலாம். ஒருமுறை தவறாக அடித்தால் கீழே ரீசெட் இணைப்பு வரும்.

அதே கணினியில் இன்னொரு அட்மின் இருந்தால் வேலை இரண்டு நிமிடம். கட்டளைகளை எழுத்தாக அடிக்கும் கமாண்ட் பிராம்ப்டை அட்மினாகத் திறந்து, 'நெட் யூசர்' (net user) என்ற கட்டளையுடன் அக்கவுண்ட் பெயரும் நட்சத்திரக் குறியும் (*) கொடுத்தால் புதிய பாஸ்வேர்டை இரண்டு முறை கேட்கும். அடிக்கும்போது திரையில் ஒன்றும் தெரியாது. விசைப்பலகை கெட்டுவிட்டதென்று நினைக்க வேண்டாம்.

ஆனால் இப்படி வெளியிலிருந்து மாற்றுவதற்கு ஒரு விலை உண்டு. இஎஃப்எஸ் (EFS) என்ற விண்டோஸ் வசதியால் என்கிரிப்ட் செய்த, அதாவது மறையாக்கிய, கோப்புகளும் விண்டோஸில் சேமித்த பாஸ்வேர்டுகளும் பழைய பாஸ்வேர்டை நம்பித்தான் பூட்டப்பட்டிருக்கின்றன. நீங்களே உள்ளே இருந்து மாற்றும்போது பழையதைக் கேட்டு, புதியதை வைத்து மறுபடி பூட்டுகிறது. வெளியிலிருந்து திணிக்கும்போது அதற்கு வழியில்லை, திறவுகோல் போய்விடுகிறது. பின்னால் பழைய பாஸ்வேர்டு நினைவுக்கு வந்தால் அதையே திரும்ப வையுங்கள், பெரும்பாலும் திறந்துகொள்ளும்.

லினக்ஸ் பென்டிரைவில் இருந்து பூட் செய்து சிஎச்என்டிபிடபிள்யூ (chntpw) கருவியால், விண்டோஸ் அக்கவுண்ட் விவரங்களை வைத்திருக்கும் சாம் (SAM) கோப்பில் பாஸ்வேர்டை வெறுமையாக்கும் வழியிலும் இதே இழப்புதான். இன்னொரு அட்மின் இல்லாத, என்கிரிப்ட் செய்யாத வீட்டுக் கணினிக்கு இது பொருந்தும். புதிய பாஸ்வேர்டு வைக்க முயலாமல் வெறுமையாக்குவதோடு நிறுத்துங்கள், அதுதான் நம்பகம். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் (விண்டோஸை வேகமாகத் தொடங்கவைக்கும் வசதி) இயங்கும் கணினியைச் சாதாரணமாக அணைத்தால் லினக்ஸில் டிரைவ் படிக்க மட்டுமே கிடைக்கும். ஷிஃப்டை அழுத்தியபடி ஷட்டவுன் கொடுங்கள். முழு டிரைவையும் என்கிரிப்ட் செய்யும் பிட்லாக்கர் இருந்தால் 48 இலக்க ரெக்கவரி கீ இல்லாமல் ஒரு கோப்பும் தெரியாது.

உள்நுழைவுத் திரையின் அணுகல் வசதிப் பொத்தானை இயக்கும் யூட்டில்மேன் (utilman) கோப்புக்குப் பதிலாகக் கமாண்ட் பிராம்ப்டை மாற்றிவைக்கும் பழைய வித்தையை நான் பரிந்துரைக்க மாட்டேன். விண்டோஸின் வைரஸ் தடுப்பான டிஃபெண்டர் இப்போது அதை வைரஸ் போலவே பிடிக்கிறது. திரும்ப வைக்க மறந்தால் யார் வேண்டுமானாலும் உள்ளே வரும் ஓட்டை அப்படியே நிற்கும்.

கடைசி வழி எல்லாவற்றையும் அழித்து ரீசெட் செய்வது. அதற்கு முன் லினக்ஸ் பென்டிரைவில் பூட் செய்து, சி டிரைவின் யூசர்ஸ் ஃபோல்டரை வெளி டிஸ்க்குக்கு நகலெடுங்கள். நகலெடுத்த படங்களில் நாலைந்தைத் திறந்து பார்த்த பிறகே ரீசெட்டில் கை வையுங்கள்.